ஒற்றைக்காலில் ஒன்பது மாதம்

இதுவரை நான் எழுதிப்போட்டதெல்லாம் மிக்ஸி ஆர்மேச்சர், போர் மோட்டார் வைண்டிங், கரகரவென்று கத்தும் ஃபேன் பேரிங் என்று கடைக்கு வந்த சாமான்களைப் பற்றித்தான். இந்தமுறை ரிப்பேருக்கு வந்தது என் இடது கால். வேலை இன்னும் முழுசாக முடியவில்லை. ஆனாலும் நோட்டில் கிறுக்கி வைத்த கணக்கெல்லாம் மறந்துபோவதற்குள் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

ஆரம்பித்து வைத்தது ஒரு வாட்ஸ்அப் ஃபார்வர்டு. பத்து விநாடி ஒற்றைக்காலில் நிற்க முடியாவிட்டால் சீக்கிரமே போய்ச் சேர வேண்டியதுதான் என்று பயமுறுத்தியிருந்தார்கள். தேடிப் பார்த்தால் அது முழுப் பொய்யும் இல்லை. பிரேசிலில் 51 முதல் 75 வயது வரை உள்ள 1,702 பேரை நிற்க வைத்துப் பார்த்த ஆய்வு, 2022-ல் வெளிவந்தது. ஐந்தில் ஒருவரால் பத்து விநாடி நிற்க முடியவில்லை, பின்னால் வந்த வருடங்களில் அவர்களில்தான் இறப்பு அதிகம். ஆனால் நிற்க முடியாதவர்களுக்குச் சர்க்கரை, இதய நோய், உடல் பருமன் எல்லாம் ஏற்கெனவே கூடுதலாக இருந்திருக்கிறது. அதையெல்லாம் கழித்துக் கணக்குப் போட்ட பிறகும் வித்தியாசம் மிஞ்சியது என்பது உண்மை, ஆனால் ஒற்றைக்காலில் நின்று பழகினால் ஆயுசு கூடும் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. ஃபார்வர்டு எழுதியவர்தான் சொன்னார்.

எனக்கு 47. அந்தச் சோதனைக்கு வயதே வரவில்லை. இருந்தாலும் ராத்திரி சாப்பாடு முடிந்ததும் ஹாலில் குடும்பமே வரிசையாக நின்றோம். தூக்கிய காலின் முன்பாதத்தை நிற்கிற காலின் கெண்டைக்குப் பின்னால் ஒட்டி வைக்க வேண்டும், கைகள் பக்கவாட்டில் தொங்க வேண்டும், பார்வை நேராக. ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகள் ஒரு நிமிடம் நின்று அலுத்துப்போய் இறங்கினாள். மனைவி முப்பது விநாடி. நான் வலது காலில் 17, இடது காலில் 4. மூன்று வாய்ப்பு உண்டு என்று திரும்பத் திரும்ப நின்று பார்த்தேன். நாலு, மூணு, நாலு.

"அப்பா, மாமல்லபுரத்துல ஒரு பூனை தவம் பண்ணுமே, அதுகூட உங்களவிட நல்லா நிக்கும்" என்றாள் மகள். அந்த வருடம்தான் பள்ளிக்கூடத்தில் டூர் கூட்டிப்போயிருந்தார்கள், அர்ஜுனன் தபசுப் பாறையில் இவளுக்கு அந்தப் பூனை மட்டும்தான் ஞாபகம் இருக்கிறது.

இடது காலுக்கு ஒரு பழைய கதை உண்டு. ஆறு வருடத்துக்கு முன்னால் ரிங் ரோட்டில் மணலில் வண்டி சறுக்கி கணுக்கால் பிரண்டது. எலும்பு முறியவில்லை, பத்து நாளில் வீக்கம் வடிந்தது, நானும் மறந்துவிட்டேன். திருநெல்வேலியில் பிசியோதெரபி பார்க்கும் என் அத்தை மகனிடம் போனில் இந்த நாலு விநாடிக் கதையைச் சொன்னபோது அவன் சிரிக்கவில்லை. "மாப்ள, மூட்டைக் கட்டி வச்சிருக்கிற நார்லயும் நரம்பு முனை இருக்கு. கால் எந்தப் பக்கம் சாயுதுன்னு மூளைக்குச் சொல்றதுல அதுக்கும் பங்கு உண்டு. பிரண்டப்போ அதுவும் சேந்து அடிவாங்கிருக்கும். வீக்கம் வடிஞ்சா போதும்னு விட்டுட்ட. நீ அப்பவே அதுக்குப் பயிற்சி குடுத்திருக்கணும்" என்றான். சென்சார் போய்விட்டது, மோட்டார் நன்றாக இருக்கிறது என்று நான் புரிந்துகொண்டேன்.

நாம் விழாமல் நிற்க மூன்று இடத்திலிருந்து தகவல் போகிறதாம்: கண், உள்காது, அப்புறம் பாதமும் மூட்டுகளும் தசைகளும். ஒன்று மந்தமானால் மற்ற இரண்டும் சேர்ந்து இழுத்துக்கொண்டு போகும். கண்ணை மூடி நின்றுபார் என்றான். இடது காலில் கண்ணை மூடிய மறுகணமே சுவரைப் பிடித்தேன். ஆக, இத்தனை நாள் கண்ணை வைத்துத்தான் ஓட்டியிருக்கிறேன்.

சரி, இதைச் சரிசெய்ய விருக்ஷாசனம் போதும். ஒரு பாதத்தைத் தொடையில் வைத்துக் கைகூப்பி நிற்கிற மர ஆசனம். எங்கள் காலனிப் பூங்காவில் காலையில் யோகா சொல்லித்தரும் டீச்சரும் அதைத்தான் சொன்னார். அவர் பள்ளியில் பி.டி. டீச்சராக இருந்து ஓய்வுபெற்றவர், அறுபது தாண்டியவர். ஆனால் அதே டீச்சர் ஒருநாள் பேச்சுவாக்கில் உத்தித ஹஸ்த பாதாங்குஷ்டாசனம் செய்து காட்டினார். பெயர்தான் நீளம், விஷயம் இதுதான்: ஒரு காலில் நின்றுகொண்டு, மற்றக் காலைத் தூக்கி, அந்தப் பக்கத்துக் கையின் முதல் இரண்டு விரலாலும் கட்டைவிரலாலும் கால் கட்டைவிரலைக் கொக்கி போட்டுப் பிடித்து, முழங்காலை நீட்டுவது. ஐந்து மூச்சு. அப்படியே காலைப் பக்கவாட்டில் திறந்து, முகத்தை எதிர்ப்பக்கம் திருப்பி ஐந்து மூச்சு. மறுபடி முன்னால் கொண்டுவந்து, கடைசியில் கையை விட்டுவிட்டுக் கால் மட்டும் அந்தரத்தில் நிற்க வேண்டும். டீச்சர் புடவைக்கு மேல் துப்பட்டா மாதிரி ஒன்றைக் கட்டிக்கொண்டு இதைச் செய்தார், பேசிக்கொண்டே செய்தார். நான் வாயைப் பிளந்தேன். இதைத்தான் கற்றுக்கொள்வேன் என்று ஒற்றைக்காலில் நின்றேன், இரண்டு அர்த்தத்திலும்.

"மொதல்ல மரம் மாதிரி நிக்கக் கத்துக்கங்க தம்பி, அப்புறம் கிளையத் தூக்கலாம்" என்றார். கேட்டிருந்தால் ஐந்து வாரம் மிச்சமாகியிருக்கும்.

அந்த ஐந்து வாரத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பொங்கல் கழிந்து ஆரம்பித்தேன். காலை ஆறு மணிக்கு மொட்டை மாடி, புது யோகா மேட், தினமும் பத்துத் தடவை காலைத் தூக்குவது, பிடிப்பது, நீட்டப் போவது, விழுவது. கால் முழுசாக நீளாது, அதனால் முதுகைக் கூனிக்கொண்டு போய் விரலைப் பிடிப்பேன், பிடித்ததும் கால் என்னை முன்னால் இழுக்கும். பதினெட்டாம் நாள் கறிவேப்பிலைத் தொட்டிமேல் விழுந்தேன். எனக்கு முழங்கையில் சிராய்ப்பு, தொட்டி இரண்டாகப் பிளந்தது, மனைவி தொட்டியைத்தான் முதலில் பார்த்தார். ஐந்து வாரக் கடைசியில் ஸ்டாப்வாட்ச் வைத்துப் பார்த்தால் இடது கால் 6 விநாடி. அதாவது ஐந்து வாரத்துக்கு இரண்டு விநாடி லாபம்.

அப்புறம்தான் போனைப் பக்கெட்டில் சாய்த்து வைத்து வீடியோ எடுத்தேன். இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும், வைண்டிங் கட்டுவதற்கு முன் மீட்டர் வைத்துப் பார்க்காதவன் மாதிரி நடந்துகொண்டேன். வீடியோவில் பார்த்தால், நான் கவலைப்பட்டுக்கொண்டிருந்த வலது கால், அதாவது தூக்குகிற கால், அப்படியொன்றும் மோசமில்லை. நிற்கிற இடது பக்கம்தான் கண்றாவி. இடுப்பு இடப்பக்கமாகப் பிதுங்கிக்கொண்டு, இடுப்பில் தண்ணீர்க் குடம் வைத்தவர்கள் நிற்பார்களே, அப்படி. முழங்கால் பின்னால் மடங்கிப் பூட்டிக் கிடக்கிறது. கால் விரல் ஐந்தும் மேட்டைப் பிறாண்டிக்கொண்டிருக்கின்றன. கணுக்கால் உள்பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது. வீடியோவை அத்தை மகனுக்கு அனுப்பினேன். இடுப்பு பக்கவாட்டில் சரியாமல் பிடித்து நிறுத்துகிற தசை பிட்டத்தின் பக்கத்தில் இருக்கிறது, அது உனக்குத் தூங்குகிறது, இப்படி இடுப்பு சரிவதற்கு டிரெண்டெலன்பர்க் என்ற ஜெர்மன் சர்ஜன் பேரையே வைத்திருக்கிறார்கள் என்று ஒரு குட்டி வகுப்பே எடுத்தான்.

எங்கள் தொழிலில் ஒன்று உண்டு. சீலிங் ஃபேன் ஆடுகிறது என்று கொண்டுவருவார்கள், எல்லாருக்கும் கண் போவது இறக்கையில்தான். இறக்கையை வளைப்பார்கள், நிமிர்த்துவார்கள், காசை ஒட்டுவார்கள். பலநேரம் இறக்கை நன்றாகவே இருக்கும், மேலே கொக்கியில் மாட்டுகிற இடத்தில் நட்டு லூசாக இருக்கும், ரப்பர் புஷ் தேய்ந்திருக்கும். இதை எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன். அந்த வீடியோவைப் பார்த்தபோதுதான் நானும் ஐந்து வாரமாக இறக்கையை வளைத்துக்கொண்டிருந்தது தெரிந்தது.

எனவே மாசியில் திட்டத்தைத் தலைகீழாக்கினேன். காலைத் தூக்குவது கிடையாது. பாதம் தரையிலிருந்து ஒரு சாண் எழுந்தால் போதும், வேலை எல்லாம் நிற்கிற காலுக்கு.

முதலில் மேட் போனது. நான் வாங்கியது மெத்தென்று இருக்கிற தடிமனான மேட். படுத்துச் செய்வதற்கு அது சுகம், ஒற்றைக்காலில் நிற்க அது எதிரி, ஏனென்றால் பாதம் அழுத்துகிற பக்கமெல்லாம் ரப்பர் அமுங்கிக் கொடுக்கிறது, தரை எங்கே இருக்கிறது என்பதே பாதத்துக்குத் தெரிவதில்லை. வெறும் தட்டோட்டில் நின்ற முதல் நாளே 6 விநாடி 9 ஆனது. இது முன்னேற்றமில்லை, தடையை எடுத்தது, அவ்வளவுதான். நோட்டில் அப்படித்தான் எழுதினேன்.

இரண்டாவது, ஈரக்கால் சோதனை. பாதத்தைத் தண்ணீரில் நனைத்து உலர்ந்த தரையில் அழுத்தி எடுத்தால் அச்சு விழும். வலது பாதத்துக்கு நடுவில் வளைவு தெரிந்தது, இடது பாதம் பிரட் துண்டு மாதிரி முழுசாக. பாதத்தின் மூன்று புள்ளிகளில் எடை உட்கார வேண்டும் என்று டீச்சர் சொல்லியிருந்தார்: கட்டைவிரலின் அடி, சுண்டுவிரலின் அடி, குதிகால். முக்காலி மாதிரி. சொல்லுவது சுலபம். ஐந்து விரலையும் தூக்கிவிட்டு நின்று பார்த்தால்தான் அந்த மூன்று புள்ளியும் எங்கே இருக்கின்றன என்றே தெரிகிறது. பிறகு விரல்களை ஒவ்வொன்றாகக் கீழே வைக்க வேண்டும், பிறாண்டாமல். எனக்கு இடது காலில் கட்டைவிரலை மட்டும் தனியாகத் தூக்க வரவே இல்லை, தூக்கு என்று மனசுக்குள் கத்தினாலும் ஐந்தும் சேர்ந்துதான் எழும். கடையில் காயில் கட்டும்போது செருப்பைக் கழற்றிவிட்டு ஸ்டூலுக்கடியில் இதையே பழகினேன். பன்னிரண்டு நாளில் வந்தது.

அந்த நாட்களில்தான் கணுக்காலைக் குனிந்து நன்றாகப் பார்த்தேன் (நிற்கும்போது குனிந்தால் விழுவேன், அதனால் வீடியோவில்). கிட்டத்தில் எடுத்த ஒரு நிமிட வீடியோ. ஆடாமல் நிற்பது என்று நாம் சொல்கிறோமே, அப்படி ஒன்று கிடையவே கிடையாது. பாதத்தின் முன்பக்கம் கயிறு மாதிரி ஒரு நார் விறைத்து எழும், உடனே அமுங்கும், அடுத்த கணம் வெளிக்கணுவுக்குப் பின்னால் இன்னொன்று துடிக்கும், குதிகாலுக்குமேல் தோல் சுருங்கி விரியும். விடாமல் விழுந்துகொண்டும் விடாமல் பிடித்துக்கொண்டும் இருக்கிறது. அதுவரை நடுக்கம் வந்தால் தோல்வி என்று நினைத்துக் காலைக் கீழே வைத்துவிடுவேன். அதற்குப் பிறகு நடுக்கத்தை அப்படியே விட்டுவிட்டு மூச்சை மட்டும் பார்த்தேன். இதுவும் வீடியோவில் கண்டுபிடித்ததுதான்: காலைத் தூக்குமுன் மூச்சை இழுத்துக் கட்டிக்கொள்கிறேன், மூச்சு முட்டுகிற நேரத்தில் விழுகிறேன். என் ஆறு விநாடி என்பது என் மூச்சடக்கும் அளவு!

மூன்றாவது, இடுப்பு. இதற்கு யோகா இல்லை, அத்தை மகன் கொடுத்த பயிற்சி. படிக்கட்டின் முதல் படி ஓரத்தில் பக்கவாட்டாக நின்று, இடது பாதம் படியில், வலது கால் வெளியே தொங்க. முழங்காலை மடக்காமல் இடுப்பை மட்டும் வலப்பக்கம் தாழ்த்தி, திரும்ப மேலே கொண்டுவர வேண்டும். பன்னிரண்டு தடவை, மூன்று சுற்று. பார்க்க ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும், எட்டாவதுக்கே பிட்டத்தின் பக்கத்தில் தீப்பிடிக்கும். மறுநாள் வண்டியை உதைக்கக்கூட முடியவில்லை.

அப்புறம் பார்வை. இதை எழுதத்தான் எனக்கு ஆசை அதிகம், ஏனென்றால் நானாக மோதிக் கண்டுபிடித்தது. எங்கள் வீடு வில்லாபுரம் பக்கம், மாடியிலிருந்து பார்த்தால் மீனாட்சி அம்மன் கோயில் தெற்குக் கோபுரத்தின் உச்சி தெரியும். நாலு வெளிக்கோபுரத்தில் அதுதான் உயரம், 170 அடி. அசையாத ஒரு பொருளைப் பார்த்துக்கொண்டு நில் என்று எல்லாரும் சொல்கிறார்களே, மதுரையில் அதைவிட அசையாத பொருள் ஏது என்று அந்தக் கோபுரத்தையே பார்த்து நின்றேன். சரியாக வரவில்லை. ஒருநாள் பனிமூட்டம், கோபுரம் தெரியவில்லை, வேறு வழியில்லாமல் ஆறடி தூரத்தில் இருந்த தண்ணீர்த் தொட்டிக் குழாயின் கேட் வால்வைப் பார்த்து நின்றேன். 11-லிருந்து 16. தற்செயல் என்று நினைத்து ஒரு வாரம் மாற்றி மாற்றிப் பார்த்தேன், ஒவ்வொரு நாளும் வால்வுதான் ஜெயித்தது. யோசித்தால் காரணம் எளிது. உடம்பு ஒரு அங்குலம் சாய்ந்தால் பக்கத்தில் இருக்கிற வால்வு கண்ணுக்குச் சட்டென்று நகர்ந்து தெரியும், உடனே கால் திருத்திக்கொள்ளும். இரண்டு மைலுக்கு அப்பால் இருக்கிற கோபுரம் நான் ஒரு அங்குலம் சாய்ந்தாலும் அப்படியேதான் இருக்கும், கண்ணுக்குத் தகவலே கிடைப்பதில்லை. ஆக, தொடங்குகிறவர்கள் பக்கத்தில், ஆறேழு அடியில் ஒரு ஆணியையோ குழாயையோ பாருங்கள். கோபுரம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

இன்னொரு தப்பு நடந்துகொண்டே இருந்தது, எனக்குத் தெரியாமலே. மனைவி துணி காயப்போட வந்தவர் கவனித்துவிட்டுச் சொன்னார். "என்னங்க, நீங்க வலது கால்லதான் ரொம்ப நேரம் நிக்கிறீங்க. நம்ம ஊர்ச் சாமியே பாண்டியன் கேட்டான்னு கால் மாத்தி ஆடுனாரு. நீங்க நல்லா வர்ற கால்லயே நின்னுட்டிருந்தா எப்படி?"

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். மற்றக் கோயில்களில் நடராஜர் வலது காலை ஊன்றி இடது காலைத் தூக்கி ஆடுவார். மதுரை வெள்ளியம்பலத்தில் மட்டும் இடது காலை ஊன்றி வலது காலைத் தூக்கியிருப்பார். ராஜசேகர பாண்டியன் அறுபத்துமூன்று கலையும் கற்றுவிட்டு மிச்சமிருந்த நாட்டியத்தையும் கற்கப்போனபோது, ஆடுகிறவர்களுக்கு உடம்பு எவ்வளவு நோகும் என்று அனுபவத்தில் தெரிந்ததாம். இப்படி நின்ற காலிலேயே நிற்கிறாரே, வலிக்காதா என்று சாமிக்காகக் கவலைப்பட்டு, காலை மாற்றி ஆடச்சொல்லி வேண்டினான் என்பது திருவிளையாடல் கதை. சின்ன வயதிலிருந்து கேட்ட கதைதான், ஆனால் தானே நின்று பார்த்த பிறகு வந்த வேண்டுதல் அது என்பது இப்போதுதான் உறைத்தது. அவன் கேட்டு வாங்கிய கால், என்னுடைய மோசமான கால். அன்றிலிருந்து எதையும் இடது காலில்தான் ஆரம்பிப்பது, இடது காலுக்கு இரண்டு முறை, வலது காலுக்கு ஒரு முறை. காலையில் பல் தேய்க்கும்போது இடது கால், ராத்திரியும் இடது கால். வலது காலுக்குக் கடையில் நேரம் கிடைத்தால் பார்க்கலாம்.

பங்குனிக் கடைசியில் இடது 22, வலது 48. சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க ராத்திரி முழுக்க நடந்து, கூட்டத்தில் நின்று, காலெல்லாம் வீங்கி ஒரு வாரம் ஒன்றும் செய்யவில்லை. திரும்ப வந்து நின்றால் 20. பெரிய நஷ்டம் இல்லை.

வைகாசியில் பேராசை வந்தது. நிற்க வருகிறதே, இனி காலை நீட்டிப் பார்த்தால் என்ன என்று ஒருநாள் காலை எழுந்ததும், உடம்பு சூடேறாமல், விரலைக் கொக்கி போட்டு வெடுக்கென்று முழங்காலை நீட்டினேன். தொடையின் பின்பக்கம், உட்கார்ந்தால் தரையில் படுகிற எலும்பு இருக்கிறதே, சரியாக அந்த இடத்தில் ரப்பர் பேண்டைச் சுண்டிவிட்ட மாதிரி. சத்தம் ஒன்றும் இல்லை. அன்று சாயங்காலம் வண்டி சீட்டில் உட்காரும்போது தெரிந்தது வினை. மூன்று வாரம் வலப்பக்கம் சாய்த்து உட்கார முடியவில்லை, ஸ்டூலில் மடித்த துண்டு போட்டு அதன் மேல் உட்கார்ந்து வேலை பார்த்தேன். "இழுக்காத, நீட்டாத, நிக்கிறதுன்னா நில்லு" என்றான் அத்தை மகன். நின்றேன். அந்த மூன்று வாரத்தில் வேறு எதுவுமே செய்யாமல் நின்றதில் இடது கால் 22-லிருந்து 37-க்குப் போனது.

வலி போன பிறகுதான் நீட்டும் வேலையை ஒழுங்காகத் தொடங்கினேன். எங்கள் வீட்டு மாடிப்படி வெளியில் இருக்கிறது, ஒரு பக்கம் கைப்பிடி இல்லாமல் திறந்திருக்கும். ஒவ்வொரு படியும் ஏழு அங்குலம். பக்கவாட்டில் தரையில் நின்றுகொண்டு குதிகாலைப் படிமேல் வைத்தால் அதுவே அளவுகோல்: மூன்றாம் படி 21 அங்குலம், நாலாம் படி 28, ஐந்தாம் படி 35. ஐந்தாம் படி என்பது எனக்கு இடுப்பு உயரம். கால் அங்கே வந்தால் தரைக்கு இணையாக நிற்கும். எந்தப் படியில் முழங்காலை நீட்டி, முதுகும் நிமிர்ந்து, தூக்கிய பக்கத்து இடுப்பு மேலே ஏறாமல் இருக்கிறதோ, அதுதான் உங்கள் உண்மையான உயரம். எனக்கு அது மூன்றாம் படி. விரலைப் பிடித்துக்கொண்டிருந்த காலத்தில் இடுப்பு உயரத்துக்குத் தூக்கியதாக நினைத்துக்கொண்டிருந்ததெல்லாம் கூன் முதுகும் மடக்கிய முழங்காலும் சேர்ந்து காட்டிய கணக்கு.

தூக்கிய பக்கத்து இடுப்பு ஏறுவதை நிறுத்த ஒரு வழி உதவியது. தொடை இடுப்போடு சேருகிற மடிப்பில் கையின் ஓரத்தை வைத்து, பாதத்துப் பக்கம் அல்ல, கீழே தரையைப் பார்த்து அழுத்துவது. இரண்டு இடுப்பு எலும்பும் ஒரே மட்டத்துக்கு வரும்போது காலின் பின்பக்கம் திடீரென்று இரண்டு மடங்கு இழுக்கும், அதுவரை ஏமாற்றிக்கொண்டிருந்தது அப்போது தெரியும். இரண்டு நிமிடம், ஒவ்வொரு காலுக்கும், சாயங்காலம் கடை மூடி வந்த பிறகு. காலையைவிடச் சாயங்காலம் தசை எனக்கு நன்றாக இளகிக் கொடுக்கிறது, அதனால் நிற்பது காலை, நீட்டுவது மாலை என்று பிரித்துக்கொண்டேன். ஆடி முடியும்போது நாலாம் படி. நடுவில் இரண்டு வாரம் ஒரு அங்குலம்கூட நகரவில்லை, அதைப் பற்றி நோட்டில் நான் எழுதியிருப்பதை இங்கே எழுத முடியாது.

ஆவணியில் படியை விட்டு அந்தரத்துக்கு வந்தேன். விரலைப் பிடிக்கவில்லை, பழைய வேட்டியிலிருந்து கரையோடு நாலு விரல் அகலத்தில் கிழித்த துணி, ஆறடி. பாதத்தில் மாட்டி இரண்டு முனையையும் வலது கையில் பிடித்தால் கை இரண்டடி நீண்ட மாதிரி. முதுகு கூன வேண்டியதில்லை. கடையில் விற்கிற பட்டை வழுவழுவென்று நழுவுகிறது, வேட்டித் துணி நழுவவில்லை. இடது கை சுவரில், முதலில் உள்ளங்கை, ஒரு வாரம் கழித்து இரண்டு விரல், அப்புறம் ஒரு விரல். அந்த ஒரு விரல் எடையே தாங்குவதில்லை, சும்மா தொட்டுக்கொண்டிருக்கிறது, ஆனால் எடுத்துவிட்டால் விழுகிறேன். சுவர் இருக்கிறது என்ற தகவலே ஒரு கால் மாதிரி வேலை செய்கிறது. அந்த விரலை எடுக்க எனக்குப் பதினோரு நாள் ஆயிற்று.

இந்தக் கட்டத்தில் யாரும் முன்கூட்டிச் சொல்லாதது, தூக்கிய தொடையின் முன்பக்கம் சுளுக்குப் பிடித்தது. வெறும் துணி மேலே இழுத்துக் காலைத் தூக்குவதாக நினைத்தால் தப்பு, காலும் தன்னைத்தானே தூக்க வேண்டும். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, முழங்காலை நீட்டி, குதிகாலைத் தரையிலிருந்து நாலு அங்குலம் தூக்கிப் பத்து விநாடி. பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம், டைல்ஸில் வழுக்கி ஒருமுறை உட்கார்ந்தபடியே கீழே போனேன்.

பக்கவாட்டில் காலைத் திறப்பது தனிக்கதை. முன்னால் வைத்திருக்கும்போது கண் வால்வில் இருக்கிறது. பக்கவாட்டில் திறந்துவிட்டு முகத்தை எதிர்ப்பக்கம் திருப்ப வேண்டும், திருப்பும்போது கண்ணும் நகர்கிறது, உள்காதும் சுழல்கிறது, மிச்சம் இருப்பது பாதம் மட்டும். என் சென்சார் போன பாதம்! டீச்சரிடம் புலம்பினேன். "காலத் தொறந்த அன்னிக்கே தலையத் திருப்பணும்னு யார் சொன்னா? காலு ஒரு வாரம், தலை இன்னொரு வாரம்" என்றார். தலையைத் திருப்புவதையும் தவணை முறையில் வைத்துக்கொண்டேன். மாடிக் கைப்பிடிச் சுவரில் ஒரு அடிக்கு ஒன்றாகச் சாக்பீஸ் புள்ளி, வாரத்துக்கு ஒரு புள்ளி நகர்வது. கடைசிப் புள்ளிக்கு இன்னும் இரண்டு பாக்கி.

தலைசுற்றல், கட்டுக்குள் வராத பிரஷர் உள்ளவர்கள் சுவரை விட்டு நகராதீர்கள், அதற்குமுன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். மாடியில் செய்பவர்கள் கைப்பிடிச் சுவரிலிருந்து ஆறடி தள்ளி நில்லுங்கள், விழுகிற திசையை நாம் தேர்ந்தெடுப்பதில்லை.

இன்றைய நிலவரம், புரட்டாசி இரண்டாம் வாரம். வெறுமனே ஒற்றைக்காலில் நிற்பது: இடது 58, வலது ஒரு நிமிடத்துக்கு மேல், அதற்குப் பிறகு எண்ணுவதில்லை. கண் மூடினால் இடது 7, வலது 12. துணி பிடித்து, சுவர் இல்லாமல், முழங்கால் நீட்டி முன்னால்: இரண்டு பக்கமும் ஐந்து மூச்சு. துணியில்லாமல் கட்டைவிரலைப் பிடித்து: வலது காலில் நிற்கும்போது ஐந்து மூச்சு, இடது காலில் நிற்கும்போது மூன்று, அதிலும் முழங்கால் கொஞ்சம் மடங்கித்தான் இருக்கிறது, இல்லை என்று சொன்னால் வீடியோ காட்டிக்கொடுக்கும். ஈர அச்சில் இடது பாதத்துக்கு நடுவில் ஒரு சின்னப் பிறை மாதிரி உலர்ந்த இடம் தெரிகிறது. அழுத்திக்கொண்டு நிற்கும்போது மட்டும். சும்மா நின்றால் மறுபடி பிரட் துண்டுதான்.

கடைசிப் பகுதி, கையை விட்டுவிட்டுக் காலை அந்தரத்தில் வைப்பது, நேற்றுத்தான் முதல்முறை முயன்றேன். மகள் ஸ்டாப்வாட்ச்சோடு கைப்பிடிச் சுவர்ப் பக்கம் நின்றாள், மனைவி புதுக் கறிவேப்பிலைத் தொட்டியை ஒன்றும் சொல்லாமல் தள்ளி வைத்தார். விரலை விட்டதும் கால் அந்த உயரத்தில் ஒரு கணம்கூடத் தங்கவில்லை, கடை ஷட்டரை விட்ட மாதிரி மடமடவென்று இறங்கி, முழங்கால் உயரத்துக்கு வந்து, அங்கே நடுங்கிக்கொண்டு நின்றது. நிற்கிற கால் ஆடவில்லை.

"எவ்வளவுடா?"

"எந்த உயரத்துல இருந்து எண்ணணும்ப்பா?" என்றாள். அதை இன்னும் முடிவு செய்யவில்லை.